இரண்டு உரிமம், ஒரே வானொலி



வானொலி பற்றிப் பேசு என்றால் என் வயதுக்காரர்கள் இலங்கை வானொலியில் ஆரம்பித்து விவித பாரதியில் முடிப்பார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் எனக்குக் கொடுத்த தலைப்பில் 'வணிகம்' என்ற சொல்லும் இருக்கிறது. அதனால் இன்று பாட்டையும் அறிவிப்பாளரையும் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, பத்திரம், உரிமம், ஏலம், பங்கு பற்றிப் பேசப்போகிறேன். அமெரிக்காவின் இரண்டு செயற்கைக்கோள் வானொலி நிறுவனங்களான சிரியஸும் எக்ஸ்.எம்.மும் எப்படி வளர்ந்தன, 2008இல் எப்படி ஒன்றாயின என்பதுதான் கதை. அதை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஒன்றே. அரசு ஒரு விதியைப் போடுகிறது. நிறுவனங்கள் அதை நிறைவேற்றாமல் விடுகின்றன. பிறகு நிறைவேற்றாததன் விளைவையே காரணம் காட்டி இணைப்புக்கு அனுமதி கிடைக்கிறது. இப்படியொரு வளையம் போட்டிச் சட்ட வரலாற்றில் அடிக்கடி காணக் கிடைப்பதில்லை.

கதை 1990இல் தொடங்குகிறது. மார்ட்டின் ரோத்பிளாட் என்ற வழக்கறிஞர் 'சாட்டிலைட் சி.டி. ரேடியோ' என்ற நிறுவனத்தைத் தொடங்கி, விண்ணிலிருந்து நேரே காருக்குப் பாட்டு அனுப்ப அலைக்கற்றை கேட்டு விண்ணப்பித்தார். உள்ளூர் வானொலி நிலையங்கள் சும்மா இருக்குமா? ஆண்டுக்கணக்கில் எதிர்த்தன. கடைசியில் 1997 ஏப்ரலில் எஃப்.சி.சி. எனப்படும் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் இரண்டு உரிமங்களை ஏலம் விட்டது. ஒன்று 8 கோடியே 33 லட்சம் டாலருக்கு சி.டி. ரேடியோவுக்குப் போனது, பின்னாளில் சிரியஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது அதுதான். மற்றொன்றை ஏறத்தாழ 9 கோடி டாலருக்கு எடுத்த அமெரிக்கன் மொபைல் ரேடியோ, எக்ஸ்.எம். ஆயிற்று.

அந்த உரிமத்தோடு வந்த இரண்டு விதிகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, ஓர் உரிமதாரர் மற்றவரின் உரிமத்தைக் கைப்பற்றக் கூடாது. இரண்டாவது, இரு நிறுவனத்தின் ஒலிபரப்பையும் ஒரே பெட்டியில் கேட்கும்படியான வடிவமைப்பு இருக்க வேண்டும். முதல் விதியின் நோக்கம் புரிகிறது, ஏகபோகம் கூடாது என்பது. இரண்டாவது விதி அதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. ஒரு பெட்டியில் இரண்டும் கேட்குமானால், பிடிக்காத நிறுவனத்தை விட்டு அடுத்ததற்கு மாற வாடிக்கையாளருக்குச் செலவே இல்லை. அப்படி மாறலாம் என்கிற பயம்தான் விலையைக் கட்டுக்குள் வைக்கும்.

இரண்டு நிறுவனங்களும் ஒரே வேலையை வெவ்வேறு வழியில் செய்தன. சிரியஸ் மூன்று செயற்கைக்கோள்களை நீள்வட்டப் பாதையில் சுற்றவிட்டது. வட அமெரிக்காவின் தலைக்கு மேலே ஏதாவது ஒன்று எப்போதும் உயரத்தில் நிற்கும். எக்ஸ்.எம். பூமியோடு சேர்ந்து சுழலும் இரண்டு கோள்களை நிறுத்தி, அவற்றுக்கு 'ராக்', 'ரோல்' என்று பெயர் வைத்தது. நகரங்களில் உயர்ந்த கட்டடங்கள் மறைக்குமே, அதற்காக இருவரும் தரையில் சமிக்ஞையை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர்களை நட்டார்கள். எக்ஸ்.எம். வாஷிங்டனில் ஒரு பழைய அச்சகக் கட்டடத்தை வாங்கி ஒலிப்பதிவுக் கூடங்களாக்கியது. சிரியஸ் நியூயார்க்கில் ஒரு வானளாவிக் கட்டடத்தின் 36ஆம் மாடியில் குடியேறியது. எக்ஸ்.எம். 2001 செப்டம்பர் 12 அன்று தொடங்குவதாக இருந்தது. முந்தைய நாள் நடந்தது உங்களுக்குத் தெரியும். விழாவை ஒத்திப்போட்டு 25ஆம் தேதி டாலஸ், சான் டியேகோ நகரங்களில் ஒலிபரப்பை ஆரம்பித்தார்கள். சிரியஸ் 2002இல் களத்துக்கு வந்தது.

மாதச் சந்தா எக்ஸ்.எம்.முக்கு 9 டாலர் 95 சென்ட், சிரியஸுக்கு 12 டாலர் 95 சென்ட். காசு கொடுத்து வானொலி கேட்பதா என்று அமெரிக்கர்களும் முதலில் சிரித்தார்கள். சிரிப்பை நிறுத்தியது கார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் எக்ஸ்.எம்.மில் முதலீடே செய்திருந்தது; அதன் கார்களில் எக்ஸ்.எம். பெட்டி. ஃபோர்டும் கிரைஸ்லரும் சிரியஸ் பக்கம். புதுக் காரை வாங்குபவர் நிறத்தைத் தேர்ந்தெடுப்பார், இருக்கை உறையைத் தேர்ந்தெடுப்பார். டேஷ்போர்டுக்குள் எந்தச் செயற்கைக்கோள் வானொலி என்பதைத் தொழிற்சாலையும் வானொலி நிறுவனமும் பேசி முடித்திருக்கும். சில மாதம் இலவசம். எக்ஸ்.எம். பெட்டியில் 0ஆவது சேனலுக்குத் திருப்பினால் திரையில் எட்டு எழுத்து கொண்ட ஓர் அடையாள எண் ஒளிரும். இலவசக் காலம் முடிந்ததும் தொலைபேசியில் கூப்பிட்டு அந்த எண்ணைப் படித்துக் கடன் அட்டை விவரத்தைச் சொன்னால், விண்ணிலிருந்து வரும் ஒரு சமிக்ஞை உங்கள் காரில் உள்ள பெட்டியை மட்டும் திறந்துவிடும். சந்தாவை நிறுத்தினால் அதே விண்ணிலிருந்து பூட்டு விழும். இந்த வானொலியில் நேயர் ஒவ்வொருவருக்கும் பெயரும் எண்ணும் கணக்கும் எழுதப்பட்டன. பழைய வானொலிக்கு யார் கேட்கிறார்கள் என்றே தெரியாது. தபால் அட்டை வந்தால்தான் உண்டு.

அந்தக் கார் ஒப்பந்தங்கள் பல ஆண்டுக்கானவை. ஆக, எக்ஸ்.எம். பெட்டி வைத்த காரை வாங்கியவருக்கு சிரியஸ் வேண்டுமென்றால் பெட்டியையே மாற்ற வேண்டும். 'ஒரே பெட்டியில் இரண்டும்' என்ற விதி என்னவாயிற்று? இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து வடிவமைப்பு வேலை நடக்கிறது என்று ஆணையத்துக்குச் சொல்லிக்கொண்டே இருந்தன. கடைக்கு மட்டும் பெட்டி வரவில்லை. வடிவமைப்பு இருக்க வேண்டும் என்றுதான் விதி சொன்னது, விற்க வேண்டும் என்று சொல்லவில்லை என்பது அவர்கள் வாதம். சட்டம் எழுதுகிறவர்கள் வினைச்சொல்லில் கவனமாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பெட்டியில் போட்டி இல்லாததால் போட்டி முழுக்க ஆள் பிடிப்பதற்குப் போயிற்று. அமெரிக்கக் கால்பந்து உரிமையை சிரியஸ் 7 ஆண்டுக்கு 22 கோடி டாலருக்கு எடுத்தது. எக்ஸ்.எம். பேஸ்பாலை 11 ஆண்டுக்கு 65 கோடிக்கு எடுத்தது. எக்ஸ்.எம். ஓப்ரா வின்ஃப்ரேயை மூன்றாண்டுக்கு 5.5 கோடிக்குக் கொண்டுவந்தது. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இவை எல்லாவற்றையும் சிறிதாக்கிய ஒப்பந்தம் 2004 அக்டோபரில் வந்தது. ஹோவர்ட் ஸ்டெர்ன் என்ற வாயாடி நிகழ்ச்சியாளர் ஐந்தாண்டுக்கு 50 கோடி டாலர் பேசி சிரியஸில் சேர ஒப்புக்கொண்டார். சாதாரண வானொலியில் அவர் பேசும் பேச்சுக்கு எஃப்.சி.சி. அபராதம் போட்டுக்கொண்டே இருந்தது. சந்தா வானொலிக்கு அந்த ஆபாசத் தடை விதி பொருந்தாது. அவரை முன்பு வேலைக்கு வைத்திருந்த மெல் கார்மசின் அடுத்த மாதமே சிரியஸின் தலைமை நிர்வாகி ஆனார்.

ஸ்டெர்ன் வந்ததால் கூட்டம் வந்தது உண்மை. 2004 அக்டோபரில் ஏழு லட்சத்தைக்கூடத் தொடாத சிரியஸ் சந்தாதாரர் எண்ணிக்கை 2006 முடிவில் 60 லட்சம். அதே நாளில் எக்ஸ்.எம்.முக்கு 76 லட்சம். நஷ்டக் கணக்கையும் பாருங்கள்: அந்த ஓர் ஆண்டில் சிரியஸுக்கு 110 கோடி டாலர், எக்ஸ்.எம்.முக்கு ஏறக்குறைய 72 கோடி டாலர். நேயர் கூடக்கூட நஷ்டமும் கூடியது. ஒவ்வொரு புதுச் சந்தாதாரரைப் பிடிக்கவும் கார் நிறுவனத்துக்கும் பெட்டி செய்பவருக்கும் மானியம் கொடுக்க வேண்டியிருந்தது அல்லவா?

2007 பிப்ரவரி 19 அன்று இணைப்பு அறிவிக்கப்பட்டது. ஓர் எக்ஸ்.எம். பங்குக்கு 4.6 சிரியஸ் பங்கு. 'ஒருவர் மற்றவரைக் கைப்பற்றக் கூடாது' என்ற விதியை நீக்கித் தாருங்கள் என்று இரு நிறுவனங்களும் ஆணையத்தின் கதவைத் தட்டின. அதன் பிறகு 17 மாதம் வாஷிங்டனில் நடந்தது சந்தையின் எல்லை எது என்ற சண்டை. செயற்கைக்கோள் வானொலி மட்டுமே சந்தை என்றால் இரண்டு ஒன்றாகிறது, ஏகபோகம். காதில் விழும் எல்லாமே சந்தை என்றால், அதாவது பண்பலை, ஐபாட், இணைய வானொலி, எல்லாம் சேர்த்து, இவர்கள் சின்னஞ்சிறு புள்ளி. உள்ளூர் வானொலிகளின் சங்கம் இணைப்பைக் கடுமையாக எதிர்த்தது. இதில் ஒரு வேடிக்கை: தங்கள் நிலைய உரிமை வரம்புகளைத் தளர்த்தக் கேட்டபோது, செயற்கைக்கோள் வானொலி எங்களுக்குப் போட்டி என்று சொன்னவர்கள் அவர்கள், இப்போது அது தனிச் சந்தை, எங்களோடு சேர்க்காதீர்கள் என்றார்கள். கார்மசின் இதை விடுவாரா? சாட்சியம் சொல்லும் இடத்திலெல்லாம் குத்திக் காட்டினார்.

2008 மார்ச் 24 அன்று அமெரிக்க நீதித் துறை தன் விசாரணையை முடித்துத் தடையில்லை என்றது. (இது அரசு நிர்வாகத்தின் அங்கம், நீதிமன்றம் என்று நம் செய்தித்தாள்களில் சிலர் அப்போது எழுதிவிட்டார்கள்.) அது சொன்ன காரணங்களில் ஒன்றைத்தான் இந்தப் பேச்சின் மையமாக வைத்திருக்கிறேன். ஏற்கெனவே சந்தா கட்டுபவர்கள் ஒரு நிறுவனத்தின் பெட்டியை வைத்துக்கொண்டு மற்றதைக் கேட்க முடியாது. மாறுவதற்குச் செலவு அதிகம். ஆகவே அவர்களைப் பொறுத்தவரை இரண்டு நிறுவனங்களுக்கும் இடையே போட்டி என்று பெரிதாக எதுவும் இல்லை. புதிதாகக் கார் வாங்குபவர்களுக்கும் கார் நிறுவனங்களின் நீண்ட கால ஒப்பந்தங்கள் முடிவைச் செய்துவிட்டன. போட்டியே இல்லாத இடத்தில் இணைப்பால் எந்தப் போட்டி கெடும்?

தர்க்கம் பிழையில்லை. ஆனால் அந்தப் போட்டி ஏன் இல்லாமல் போயிற்று? 1997இல் சொன்ன ஒரே பெட்டி கடைக்கு வந்திருந்தால் இருந்திருக்கும். வராமல் பார்த்துக்கொண்டது யார்? விண்ணப்பித்த இருவரும்தான். நீதித் துறைக்கு அந்த விதியை அமல்படுத்தும் வேலை இல்லை, அது எஃப்.சி.சி.யின் பொறுப்பு என்று சமாதானம் சொல்லலாம். சரி, எஃப்.சி.சி. என்ன செய்தது? 2008 ஜூலை 25 அன்று 3க்கு 2 என்ற வாக்கில் அனுமதி கொடுத்தது. நிபந்தனைகள் உண்டு: மூன்றாண்டுக்கு விலை உயர்த்தக் கூடாது, சேனல்களில் 8 சதவீதத்தைச் சிறுபான்மையினர் போன்ற தகுதியுள்ள பிறருக்கும் கல்வி முதலிய வணிகமல்லாத பணிக்கும் ஒதுக்க வேண்டும், ஒரே பெட்டியில் இரண்டும் கேட்க வேண்டும். அந்தப் பழைய பெட்டி மறுபடியும் நிபந்தனையாக வந்துவிட்டது பாருங்கள், இரண்டு நிறுவனமும் ஒன்றான பிறகு! ரிப்பீட்டர் விதிகளை மீறியதற்கும், அனுமதித்த அளவைத் தாண்டிய சக்தியோடு பெட்டிகள் விற்றதற்கும் சுமார் 2 கோடி டாலர் கட்டச் சொன்னார்கள். கட்டிவிட்டு ஜூலை முடிவதற்குள் இணைந்தார்கள்.

நீதித் துறையின் இன்னொரு வாதத்துக்கு வருகிறேன், நியாயம் நியாயம்தான். தொழில்நுட்பம் மாறிக்கொண்டிருக்கிறது, கைப்பேசி வழியாகப் புதுப் போட்டி வரும் என்று அவர்கள் கணித்தார்கள். எஃப்.சி.சி. வாக்களிப்பதற்கு 15 நாள் முன்னால், 2008 ஜூலை 10 அன்று, ஆப்பிள் நிறுவனம் ஐபோனுக்கான ஆப் ஸ்டோரைத் திறந்தது. முதல் நாளே அதில் இருந்த செயலிகளில் ஒன்று பண்டோரா, இணைய வானொலி. கணிப்பு பலித்தது. ஆனால் அந்தப் பண்டோரா இப்போது எங்கே? 2019 பிப்ரவரியில் 350 கோடி டாலர் மதிப்பில் அதை வாங்கியது சிரியஸ் எக்ஸ்.எம். இணைப்பை அனுமதிக்கச் சொன்ன காரணங்களில் ஒன்றான அந்த வகைப் போட்டியாளரையும் கடைசியில் அதே வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள்.

இணைந்த கையோடு சுகப்பட்டார்களா என்றால் இல்லை. 2008 செப்டம்பரில் உலக நிதி நெருக்கடி வெடித்தது. கார் விற்பனை படுத்தது. பங்கு விலை 10 சென்ட்டுக்கும் கீழே போயிற்று. 2009 பிப்ரவரி 17 அன்று 17.5 கோடி டாலர் கடனைத் திருப்பித் தர வேண்டும், கையில் வழியில்லை. திவால் மனுவைத் தயார் செய்தார்கள். கடன் பத்திரங்களைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டிருந்த செயற்கைக்கோள் தொலைக்காட்சித் தொழிலதிபர் சார்லி எர்கன் ஒரு பக்கம், கேபிள் தொலைக்காட்சித் தொழிலதிபர் ஜான் மலோனின் லிபர்ட்டி மீடியா மறுபக்கம். கடைசி நேரத்தில் லிபர்ட்டி 53 கோடி டாலர் கடன் கொடுத்தது. வட்டி 15 சதவீதம், கூடவே நிறுவனத்தில் 40 சதவீதப் பங்கு. அந்தப் பங்கின் மதிப்பு பின்னாளில் பல நூறு கோடி டாலரானது. ஆக, பங்குச் சந்தையில் காத்திருந்த சிறு முதலீட்டாளரை விட, நெருக்கடி நேரத்தில் ரொக்கத்தோடு வந்தவருக்கே இணைப்பின் பலன் போய்ச் சேர்ந்தது.

நேயருக்கு? 2008 நவம்பரில் இரண்டு நிறுவனத்தின் சேனல் பட்டியல்களையும் ஒன்றாக்கினார்கள். எக்ஸ்.எம். ஒரு பழைய தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரின் பாத்திரங்களை வைத்து 'ஃபிரெட்', 'எத்தல்', 'லூசி' என்று சேனல்களுக்குப் பெயர் சூட்டியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் தனித்த பாட்டுத் தேர்வு, தனித்த விசுவாசக் கூட்டம். ஒரே நாளில் அவற்றின் இடத்தில் சிரியஸ் சேனல்கள் வந்து உட்கார்ந்தன. ஒரே மாதிரி இரண்டு சேனல் எதற்கு என்பது கணக்காளர் கேள்வி. இரண்டும் ஒன்றல்ல என்பது கேட்டவர்கள் பதில். கணக்காளர் ஜெயித்தார். விலைக்கு மூன்றாண்டுப் பூட்டு இருந்தபோதே, 2009இல் 'இசை உரிமைத் தொகை' என்று தனியாக ஒரு வரி பில்லில் ஏறியது. அதற்கு நிபந்தனையிலேயே வழி இருந்தது. பூட்டு 2011 ஜூலையில் முடிந்தது. 2012 ஜனவரி முதல் நாள் 12.95 டாலர் 14.49 ஆயிற்று. சந்தாவை நிறுத்த முயன்றவர்களை நீண்ட தொலைபேசிப் பேச்சில் அலைக்கழிக்கிறார்கள் என்று நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் 2023இல் வழக்குத் தொடர, அடுத்த ஆண்டு நீதிபதி அந்த முறை கூட்டாட்சிச் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். போக வேறு இடம் இருந்திருந்தால் வாசலில் இவ்வளவு நேரம் நிறுத்தி வைத்திருப்பார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

இந்தக் கதைக்கு நம் ஊரில் ஒரு கிளை உண்டு. எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா என்ற வழக்கறிஞர் 1990இல் தொடங்கிய வேர்ல்ட்ஸ்பேஸ், எக்ஸ்.எம்.மின் ஆரம்பகாலப் பங்குதாரர். 1999இல் அந்தப் பங்கை விட்டு விலகியது, 2005இல் எக்ஸ்.எம். திரும்ப 2.5 கோடி டாலரை வேர்ல்ட்ஸ்பேஸில் முதலீடு செய்தது. ஆப்பிரிக்காவுக்கு ஒரு கோள், ஆசியாவுக்கு ஒரு கோள். பெங்களூரில் அலுவலகம். ஏ.ஆர். ரஹ்மான் அடையாள இசை அமைத்தார். கர்நாடக இசைக்கு 'ஸ்ருதி', தமிழுக்கு 'கே.எல். ரேடியோ' என்று சேனல்கள். சென்னைக்காரர்கள் சிலருக்கு அந்தச் சின்னச் சதுர ஆன்டெனா நினைவிருக்கும். கிழக்குப் பார்த்த ஜன்னலோரம் வைத்து, சமிக்ஞைக் கோடு ஏறும்வரை விரல் அளவு திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். எதிர்வீட்டு மாடி உயர்ந்தால் சங்கீதம் போயிற்று. நகரங்களில் ரிப்பீட்டர் வைக்க அனுமதி இல்லாததால் இங்கே காருக்குள் அது நுழையவே முடியவில்லை. அமெரிக்காவில் சந்தா வானொலியைக் காப்பாற்றிய அந்த ஒரே வழி இங்கே அடைபட்டிருந்தது. 2008 அக்டோபரில் வேர்ல்ட்ஸ்பேஸ் திவால் மனு கொடுத்தது. அதன் சந்தாதாரர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியர்கள். 2009 டிசம்பர் 31 அன்று இந்திய ஒலிபரப்பு நின்றது. முன்கூட்டிச் சந்தா கட்டியவர்கள் கையில் பெட்டி மட்டும் மிஞ்சியது.

அப்படியானால் இணைப்பு நல்லதுதானே, இணையாதது செத்துப்போயிற்றே என்று நீங்கள் கேட்கலாம். இணையாமல் விட்டிருந்தால் சிரியஸோ எக்ஸ்.எம்.மோ ஒன்று விழுந்திருக்கக்கூடும். விழட்டுமே என்பேன். விழுந்திருந்தால் அந்த அலைக்கற்றை, அந்தக் கோள்கள் எல்லாம் திவால் நீதிமன்றம் வழியாக இன்னொருவர் கைக்குக் குறைந்த விலையில் போயிருக்கும். அவர் பழைய கடன் இல்லாமல் போட்டியைத் தொடங்கியிருப்பார். ஏலத்தில் பங்கேற்று மிக அதிக விலை கேட்டவர்களின் முதலீட்டைக் காப்பது அரசின் வேலை அன்று. இரண்டு உரிமம் என்று சொல்லி ஏலம் விட்டுப் பதினொரு ஆண்டில் ஒன்றாக்கிக் கொடுத்தது, ஏலத்தில் தோற்றவர்களுக்கும் நேயருக்கும் செய்த அநியாயம். இது என் கருத்து. மறுப்பவர்கள் கேள்வி நேரத்தில் மறுக்கலாம்.

நம் நாட்டிலும் இப்படிப்பட்ட விதிகள் உண்டு. தனியார் பண்பலைக்கான மூன்றாம் கட்டக் கொள்கையில், ஒரு நகரின் அலைவரிசைகளில் 40 சதவீதத்துக்கு மேல் ஒரே நிறுவனம் வைத்திருக்கக் கூடாது, குறைந்தது மூன்று வெவ்வேறு உரிமையாளர்கள் இருக்க வேண்டும் என்று உள்ளது. நாடு முழுவதற்கும் 15 சதவீத உச்சவரம்பும் இருந்தது. 2022 அக்டோபரில், வானொலித் தொழில்துறையின் நெடுநாள் கோரிக்கையை ஏற்று அந்த 15 சதவீத வரம்பை அரசு நீக்கியது. மறுநாள் வந்த தமிழ் நாளிதழ்களில் அதைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் உள்பக்கத்தில் ஒரு பத்தி கிடைக்கும். 2024இல் ரிலையன்ஸ், டிஸ்னி நிறுவனங்களின் இந்தியத் தொலைக்காட்சித் தொழில்கள் இணைந்தபோது, இந்தியப் போட்டி ஆணையம் சில சேனல்களை விற்பது உள்ளிட்ட நிபந்தனைகளோடுதான் அனுமதி தந்தது. இணைப்புச் செய்தி முதல் பக்கத்தில் வந்தது. நிபந்தனைகள் எந்தப் பக்கத்தில் வந்தன?

இதழியல் படிக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்துவிட்டு அமர்கிறேன். போட்டி ஆணையத்தின் உத்தரவுகள் அதன் இணையதளத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. ஊடக இணைப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒவ்வொரு நிபந்தனைக்கும் முடிவுத் தேதி என்ன, அது நிறைவேறியதா என்று பார்க்கும் பொறுப்பு யாருக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதி வரும்போது எழுதுங்கள்.